ஒரே வேலை, இரண்டு முறை: 1986 மாடல் பத்மினி ஒன்றை வீட்டிலேயே சீரமைத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரிக் கரையோரப் பேரூராட்சி ஒன்றில், 1986இல் பதிவான பிரீமியர் பத்மினி ஒன்று தகரக் கொட்டகைக்குள் நான்கு ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் அதை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். 2016இல் பதிவைப் புதுப்பித்து, மறு ஆண்டு காலமானார். அதன் பிறகு வண்டியை யாரும் எடுக்கவில்லை. மகனுக்கு வயது 43, அச்சகத்தில் வேலை. கார் ஓட்டத் தெரியும், கழற்றத் தெரியாது.

நான் அவர்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவன். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவன். 2021 ஜூலையில் ஊரடங்கு தளர்ந்ததும் அவர் வந்து, "சார், ஃபியட்ட ஒருதரம் வந்து பாக்குறீங்களா" என்று கேட்டார். (1974இலிருந்தே அந்த வண்டியின் பெயர் பத்மினிதான். ஆனால் 1964இல் வந்த ஃபியட் 1100 டிலைட்டின் வாரிசு என்பதால் எங்கள் பக்கத்தில் இன்றும் அது ஃபியட்.) அன்று முதல் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வந்தேன். இந்த ஆய்வு அந்த நோட்டிலிருந்து எழுதியது. இதில் பதிவாகும் தவறுகளில் பெரியது என்னுடையது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கையில் இருந்த பணம் 65,000 ரூபாய். சீட்டு எடுத்தது 50,000, சேமிப்பு 15,000. அதற்கு மேல் கடன் வாங்குவதில்லை என்று முடிவு. நாங்கள் போட்ட திட்டம்: என்ஜினுக்கு 20,000, பிரேக்குக்கு 8,000, டயருக்கு 12,000, பெயின்டுக்கு 16,000, ஆர்.டி.ஓ. காகித வேலைக்கு 5,000, மற்றதுக்கு 4,000. தரைத் தகடு என்று ஒரு வரி அதில் இல்லை என்பதைப் படிப்பவர்கள் கவனிக்கவும். அப்போது நாங்கள் கவனிக்கவில்லை.

முதல் பார்வையில் கண்டவை

நான்கு டயரும் தரையோடு ஒட்டிப் பக்கவாட்டில் வெடித்திருந்தன. பேட்டரி செத்துப்போயிருந்தது. ஏர் ஃபில்டருக்குள் எலி கூடு கட்டி, டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர்களைக் கடித்து வைத்திருந்தது. டேங்கைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை வரவில்லை. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு நெடி வந்தது. பிரேக் பெடலை மிதித்தால் தரைவரை போயிற்று. கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனர் போட்டுத் தள்ளினால் என்ஜின் அசையவே இல்லை.

வெளித்தகடு பார்க்க நன்றாக இருந்தது. கதவு அடியில் சில கொப்புளங்கள், பின் மட்கார்டில் ஓர் ஓட்டை, அவ்வளவுதான். காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். யாரோ எப்போதோ அடித்த தார்ப் பூச்சு கறுப்பாக, ஒரே சீராக இருந்தது. "அடி நல்லா இருக்கு தம்பி" என்று நானே சொன்னேன். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்த காரியம் அது. அன்று மண்டியிட்டுப் படுக்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. விட்டுவிட்டேன்.

என்ஜின்: ஜூலை முதல் செப்டம்பர் வரை

ஊரில் இருந்த பட்டறைக்காரர் வந்து பார்த்து, "முழுசா இறக்கி ரீபோர் பண்ணணும், 38,000 ஆகும்" என்றார். (ரீபோர் என்பது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது.) அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஜாமாகி நிற்கும் என்ஜினைப் பார்த்தால் பட்டறைக் கணக்கு அப்படித்தான் போகும். ஆனால் அந்தத் தொகையைக் கொடுத்தால் திட்டம் அங்கேயே முடிந்தது. எனவே முதலில் ஜாமை எடுப்போம், பிறகு அளந்து பார்ப்போம், அதுவரை ஒரு பாகமும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம்.

நான்கு பிளக்கையும் கழற்றி, டீசலும் என்ஜின் ஆயிலும் சமமாகக் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றினோம். தினமும் காலையில் ஸ்பேனரை ஒரே அளவு விசையில், முன்னும் பின்னுமாக, கொஞ்சமாகத் தள்ளச் சொன்னேன். நீளமான பைப்பை மாட்டி ஒரே இழுப்பில் திருப்பக் கூடாது, பிஸ்டன் ரிங் உடையும். ஒன்பதாம் நாள் புல்லி விரலளவு நகர்ந்தது. பன்னிரண்டாம் நாள் முழுச்சுற்றுச் சுற்றியது. பிறகு ஆயில் மாற்றி, கடன் வாங்கிய பேட்டரியில் செல்ஃப் அடித்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்தோம். ஐ.டி.ஐ.யிலிருந்து வாங்கி வந்த கேஜில் முதல் சிலிண்டர் 118 பவுண்டு, இரண்டாவது 112, நான்காவது 115. மூன்றாவது மட்டும் 55.

மூன்றாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம். 60 வரைதான் ஏறியது. ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து எண் நன்றாக ஏறியிருக்கும். ஏறாததால் கசிவு வால்வில். நான்கு சிலிண்டர் என்ஜினை எந்த நிலையில் நிறுத்தினாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்துதான் இருக்கும். நான்கு மழைக்காலத்தின் ஈரம் அந்த வழியாக இறங்கி வால்வு முகத்தையும் அது உட்காரும் சீட்டையும் அரித்திருக்க வேண்டும். அலுமினிய ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது மூன்றாவது எக்சாஸ்ட் வால்வில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள். சிலிண்டர் சுவரில் விரல் நகத்தில் தட்டுகிற மாதிரி மேடு எதுவும் இல்லை.

ஆக, ரீபோர் தேவையில்லை. வால்வு வேலை, ஹெட் கேஸ்கெட், லேத்தில் ஹெட்டின் முகத்தைச் சரிபார்த்தது எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். வால்வு லேப்பிங்கை (வால்வைச் சீட்டில் வைத்துத் தேய்த்துப் பொருத்துவது) மகனும் அவருடைய பிளஸ் டூ படிக்கும் பெண்ணும் மாறி மாறிச் செய்தார்கள். கார்ப்பரேட்டர் கிட், பெட்ரோல் பம்பு டயாஃப்ரம், ஹோஸ் 2,900. பாயிண்ட், கண்டன்சர், கேப், பிளக் 1,750. ரேடியேட்டர் ஈயப்பற்று 1,600. பேட்டரி 3,900. மொத்தம் 16,950. திட்டத்தில் போட்டதை விடக் குறைவாக முடிந்த இனங்களில் பெரியது இதுதான். அதற்குக் காரணம் ஒரு கேஜும் ஒரு ஸ்பூன் ஆயிலும்.

டேங்கைக் கழற்றி, உள்ளே பழைய சைக்கிள் செயினையும் மண்ணெண்ணெயையும் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, வாசல் திண்ணையில். சின்ன பிராக்கெட், போல்ட், நட்டுகளுக்குச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜரை வைத்துத் துரு எடுத்தோம்: பாகம் நெகட்டிவில், இரும்புக் கம்பித் துண்டு பாசிட்டிவில். இதைச் செய்பவர்கள் பாசிட்டிவில் எவர்சில்வர் வைக்க வேண்டாம். அதிலிருந்து குரோமியம் தண்ணீரில் இறங்கும், அது விஷம். ஹைட்ரஜனும் வெளிவருவதால் மூடிய அறையிலும் கூடாது. மகனின் அம்மா புளித்தண்ணீரில் ஊறப்போட்ட நட்டுகளும் அதே அளவு சுத்தமாகத்தான் வந்தன, கொஞ்சம் கூடுதல் நாள் எடுத்தது.

செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, என்ஜின் ஓடியது. நாலாவது முயற்சியில் பிடித்தது. தெருவே வந்து நின்றது. அந்த மகிழ்ச்சிதான் அடுத்த முடிவைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். வண்டி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்தது, எனக்கும்தான்.

அவசரம் வந்த வழி

அக்டோபர் முதல் வாரத்தில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிவிக்கை வந்தது. 15 ஆண்டைக் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயரும். இந்தக் காரின் பதிவு 2021 ஆகஸ்டில் முடிந்திருந்தது. கொரோனாவுக்காக நீட்டித்த அவகாசமும் அக்டோபர் 31உடன் தீர்கிறது. மார்ச் 31க்குள் புதுப்பித்தால் 4,400 ரூபாய் மிச்சம். 65,000 ரூபாய்த் திட்டத்தில் 4,400 என்பது கண்ணை உறுத்தும் தொகை.

பழைமையான வாகனங்களுக்கு 2021 ஜூலையில் வந்த தனி விதிகளில் இது வருமா என்று மகன் கேட்டார். அது 50 ஆண்டைக் கடந்தவற்றுக்கு. இந்த வண்டிக்கு இன்னும் 15 ஆண்டு இருக்கிறது என்றேன்.

எனவே வேலையை முடுக்கினோம். பிரேக்கைச் சுருக்கமாக முடித்து, மழைக்கு முன்பே வண்டியை பிரைமரில் (கலருக்கு அடியில் பூசும் பூச்சு) நிறுத்திவிட்டு, மழை விட்டதும் கலர் அடிப்பது என்று ஏற்பாடு. கலரை மழைக்கு முன் அடிக்க முடியாது என்பது தெரிந்திருந்தது. பிரைமர்தானே, நிற்கும் என்று நினைத்தோம். அந்த அம்மா மட்டும், "ஐப்பசி பொறக்கப் போவுது, இப்பப் போயி வண்டியச் சொரண்டுறீங்களே" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தோம்.

முதல் சுற்று: பிரேக்கும் பிரைமரும்

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம்மைக் கழற்றியபோது, பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்களின் உட்சுவரில் துருப்புள்ளி இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஓடும் வண்டியில் ஆயில் அவ்வப்போது மாறும். நிற்கும் வண்டியில் அந்த ஈரம் பிஸ்டனுக்குப் பின்னால் தங்கி இரும்பைத் தின்னும். சரியான வேலை சிலிண்டரை மாற்றுவது. கையில் திட்டத்தொகை 8,000தான் இருந்தது, டயர் வேறு வாங்க வேண்டும். மெல்லிய வாட்டர் பேப்பரில் உட்சுவரைத் தேய்த்து, ரப்பர் கிட் மட்டும் மாற்றினோம். ஷூவுக்குப் புது லைனிங். மொத்தம் 3,400. பெடல் கல் மாதிரி நின்றது. அப்போதைக்கு.

இங்கே ஒரு குறிப்பு. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்று அடித்து ஊதுவது நம் பட்டறைகளில் வழக்கம். நாங்கள் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டோம்.

பாடி வேலைக்குப் பக்கத்து ஊர் டிங்கர் ஒருவர் வந்தார். பின் மட்கார்டு ஓட்டையை அடைத்து, கொப்புளம் இருந்த இடத்தில் சுரண்டி, பட்டி வைத்து, கம்ப்ரஸர் வாடகைக்கு எடுத்து பிரைமர் அடித்தார். சாமான், வாடகை, கூலி எல்லாம் 11,300. அக்டோபர் கடைசி வாரம் முழு வண்டியும் சாம்பல் நிறத்தில் நின்றது. படம் எடுத்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள்.

2021 நவம்பர் மழையை நம் ஊர்களில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கொட்டகையின் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகியது. ஒழுகாத இடத்திலும் காற்றில் ஈரம். சாதாரண பிரைமர் நுண்துளை உள்ள பூச்சு. மேலே கலர் அடித்தால்தான் அது அடைபடும். கலர் இல்லாமல் மழைக்காலத்தில் நிற்கும் பிரைமர், ஈரத்தைத் தகட்டின் மேல் பிடித்து வைக்கும் பஞ்சு. நவம்பர் கடைசியில் பானெட்டில் காபிக்கறை போல வட்டங்கள் தெரிந்தன. நகத்தால் சுரண்டினால் அடியில் பழுப்புத் துரு. பட்டி வைத்த இடங்களில் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது.

ஜாக்கி இறங்கிய நாள்

டிசம்பர் இரண்டாம் வாரம் பிரேக் பெடல் மறுபடி இறங்க ஆரம்பித்தது. பின் இடது சக்கரத்துக்குக் கீழே ஈரம். டிரம்மைக் கழற்றலாம் என்று மகன் பக்கவாட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரம் எழும்பவில்லை. ஜாக்கி மட்டும் எழும்பி, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதிக்குள் நான்கு விரற்கடை நுழைந்தது. பொலபொலவென்று துரு கொட்டியது. அவர் கை உள்ளே இல்லாதது நல்ல காலம். அன்று ஸ்டாண்டும் வைக்கவில்லை, மரக்கட்டையும் வைக்கவில்லை. அதன் பிறகு இரண்டும் இல்லாமல் யாரும் வண்டியைத் தூக்குவதில்லை.

முன்பக்க ஃப்ளோர் மேட்டைத் தூக்கினோம். கீழே ரெக்ஸின், அதற்குக் கீழே சணல் விரிப்பு, ஈரமாக. அதைக் கிழித்ததும் ஓட்டுநர் இருக்கைக்கு முன் தரைத் தகட்டில் கை நுழையும் ஓட்டை. அதன் வழியே தெரிந்தது தார்ப் பூச்சு மட்டும். அதாவது நான் ஜூலையில் டார்ச் அடித்துப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொன்ன இடத்தில் தகடே இல்லை, தார் மட்டும்தான் தரையாக நின்றிருக்கிறது.

தண்ணீர் வந்த வழியைப் பின்தொடர்ந்து பார்த்தோம். முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் காய்ந்து சுருங்கியிருந்தது. அதன் வழியே இறங்கிய மழைநீர் டேஷ்போர்டின் பின்பக்கமாக மேட்டுக்குக் கீழே போய், அங்கிருந்து பக்கப் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. பெட்டியின் அடியில் தண்ணீர் வடியத் துளைகள் உண்டு. துருப் பிடிக்காமல் இருக்க அடித்த தார்ப் பூச்சு அந்தத் துளைகளை அடைத்துவிட்டது. வண்டியைக் காக்க அடித்ததே உள்ளே தண்ணீரைத் தேக்கியது. காலமான பெரியவர் மீது எனக்கு மரியாதை உண்டு, அவர் அக்கறையாகத்தான் செய்திருப்பார்.

தீர்மானம்: தகடா, பட்டியா

டிங்கர் இரண்டு வழி சொன்னார். தகரத்தை ரிவிட் அடித்து, மேலே பட்டியும் தாரும் போட்டால் 4,000. அழுகியதை வெட்டி எடுத்துப் புதுத்தகடு பற்ற வைத்தால் 14,500. மகன் முதல் வழிக்குச் சாய்ந்தார். கையில் இருந்தது அவ்வளவுதான்.

இங்கேதான் நான் பிடிவாதம் பிடித்தேன். லாரி, ஜீப் போல இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரை, பக்கப் பெட்டி, கதவுத் தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் சட்டம். பக்கப் பெட்டி அழுகினால் போனது அழகு அல்ல, வண்டியின் முதுகெலும்பு. ரிவிட் அடித்த தகரம் இன்ஸ்பெக்டர் கண்ணுக்குத் தப்பலாம், ஒரு குழியில் இறங்கினால் தப்பாது. "உங்க அம்மாவ ஏத்திக்கிட்டுப் போற வண்டி தம்பி" என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, கடன் வாங்குவதில்லை என்ற விதியை உடைத்துச் சங்கத்தில் நகைக்கடன் எடுத்தார். அந்த விதி உடைந்தது என் தவறால்தான். ஜூலையிலேயே தெரிந்திருந்தால், பெயின்டைத் தள்ளிப்போட்டு இதை முதலில் செய்திருக்கலாம். அல்லது வண்டியை விற்றுவிடும் தீர்மானத்தைக்கூட எடுத்திருக்கலாம்.

வேலை ஜனவரியில் நடந்தது. டிங்கருக்கு ஞாயிறுதான் ஓய்வு. அந்த மாதம் 9, 16, 23 மூன்று ஞாயிறும் முழு ஊரடங்கு. இரண்டு வார வேலை ஐந்து வாரம் இழுத்தது. 18 கேஜ் கனத்தில் சி.ஆர். ஷீட் (பூச்சில்லாத இரும்புத் தகடு) வாங்கினோம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் துருப் பிடிக்காது என்று ஒருவர் சொன்னார். அதைப் பற்ற வைக்கும்போது வரும் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும் என்று தவிர்த்தோம்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே வெட்ட வேண்டும் என்பது நிபந்தனை. கதவுகளை மூடி வைத்து, அடியில் நான்கு இடத்தில் மரக்கட்டை முட்டுக்கொடுத்து, கதவுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளியைப் பென்சிலில் குறித்துக்கொண்டோம். முட்டில்லாமல் பெட்டியை வெட்டினால் உடம்பு நடுவில் தொய்யும். பிறகு எவ்வளவு நல்ல தகடு வைத்தாலும் கதவு மூடாது. வெட்டி முடித்துப் பார்த்தபோது இடது பக்கம் ஒரு நூல் அளவு மாறியிருந்தது. முட்டைச் சரிசெய்த பிறகே பற்ற வைத்தார். உள்ளே, மண்ணெண்ணெயில் இளக்கிய கிரீஸைப் பீய்ச்சினோம். வடிதுளைகளைப் பெரிதாக்கி, தாரை அந்தப் பக்கம் வரவிடவில்லை. கண்ணாடி பீடிங் மாற்றினோம். அந்தச் செலவு டிங்கர் கணக்கிலேயே சேர்ந்தது.

இரண்டாம் சுற்று

பற்ற வைத்த சூட்டில் பக்கவாட்டு பிரைமர் கருகியது. மீதி இருந்ததும் துருவின் மேல் நிற்கும் பிரைமர். முழுவதையும் தகடு தெரியச் சுரண்டி எடுத்தோம். இந்த முறை தண்ணீர் தொடாமல் உலர் பேப்பரில். துரு நீக்கியைத் தேய்த்துத் துடைத்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர். எபாக்சி ஈரத்தை உறிஞ்சாது. விலை கூடுதல், ஆனால் இடையில் வேலை நின்றாலும் பயமில்லை. மேலே என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட். கடைக்காரர் பி.யூ. (பாலியூரித்தேன்) அடிக்கச் சொன்னார், பளபளப்பும் ஆயுளும் அதில்தான் கூடுதல் என்பது உண்மை. ஆனால் அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. தனிக்காற்று முகமூடி இல்லாமல், வீட்டு வாசலில், குழந்தைகள் விளையாடும் தெருவில் அடிக்கும் பொருள் அல்ல அது. என்.சி.யில் மெல்லிய கோட்டுகளாக அடித்து, ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பர், பிறகு ரப்பிங் காம்பவுண்டு. பிப்ரவரி வெயில் நன்றாக ஒத்துழைத்தது. செலவு 16,200.

பிரேக்குக்கும் இரண்டாம் சுற்று. வீல் சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதிது, 7,200. கசிந்த ஆயிலில் ஊறிய பின் லைனிங்கையும் தூக்கிப் போட வேண்டியிருந்தது. முதல் சுற்றின் 3,400இல் 2,100 வீண்.

டயர், டியூப் 11,600. ஒயரிங் 2,800. சீட்டுக்கு ரெக்ஸின் வாங்கி வீட்டுத் தையல் மெஷினிலேயே அடித்தார்கள், 3,600. கிடைக்காத சில்லறைச் சாமான்களுக்காக ஒருமுறை சென்னை புதுப்பேட்டைக்குப் போனோம். ஒரு கதவுக் கைப்பிடிக்காக அரை நாள். அந்த இடத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

ஆர்.டி.ஓ.

ஆர்.சி. புத்தகம் இன்னும் பெரியவர் பெயரில் இருந்தது. பெயர் மாற்ற இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, படிவம் 31, வெளியூரில் இருக்கும் சகோதரியின் ஆட்சேபணையில்லாக் கடிதம் எல்லாம் வேண்டும் என்பது பிப்ரவரியில்தான் எங்களுக்கு உறைத்தது. ஆறு மாதம் கொட்டகையில் கழித்த நாங்கள், அதில் ஒரு நாளைத் தாலுகா அலுவலகத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

மார்ச் மூன்றாம் வாரம் முதல் ஆய்வு. எங்கள் பக்கம் மோட்டார் வாகன ஆய்வாளரை இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள். கால் பிரேக்கில் அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. ஹேண்ட் பிரேக் போதாது என்றார். சேசிஸ் நம்பரைப் பென்சில் அச்சு எடுக்கப் போனபோது எண்கள் பாதிதான் தெரிந்தன: பெயின்ட் தடிப்பில் மூழ்கியிருந்தன. திருப்பி அனுப்பினார், நியாயம்தான். தின்னர் தொட்ட துணியால் எண்களுக்குள் இருந்த பெயின்டை நாள் முழுக்க எடுத்தோம். அங்கே பேப்பர் போட்டுத் தேய்த்தால் எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும். பெயின்ட் அடிக்கும் முன் ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தால் இந்த வேலையே இல்லை.

வாரிசுச் சான்று ஏப்ரல் முதல் வாரம் கைக்கு வந்தது. மார்ச் 31 தாண்டிவிட்டது. இரண்டாம் ஆய்வில் தேறி, 5,000 ரூபாய்க் கட்டணத்திலேயே புதுப்பித்தார்கள். மூன்றாம் நபர் காப்பீடு, பசுமை வரி, அலைச்சல் எல்லாம் சேர்த்துக் காகிதச் செலவு 11,400.

கணக்கு

மொத்தம் 98,950 ரூபாய். திட்டத்தை விட 33,950 அதிகம். இதில் தரை, பக்கப் பெட்டி வேலையின் 14,500 தவிர்க்க முடியாதது; திட்டத்திலேயே இருந்திருக்க வேண்டியது. இரண்டு முறை செய்ததால் போனது 13,400: முதல் பிரைமர் சுற்று 11,300, பிரேக் 2,100. 4,400 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போட்ட ஓட்டத்தில் போன பணம் இது. அந்த 4,400உம் மிஞ்சவில்லை.

எங்கள் உழைப்புக்குக் கூலி போடவில்லை. போட்டால் இந்த வண்டியை யாரும் சீரமைக்க மாட்டார்கள். 2022இல் எங்கள் பகுதியில் ஓடும் நிலையில் உள்ள பத்மினிக்குக் கேட்ட விலை இந்தச் செலவை விடக் குறைவு. விற்று லாபம் பார்க்கும் எண்ணத்தோடு இறங்குபவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

பிறகு நடந்தவை

2022 மே மாதம் குலதெய்வம் கோயிலுக்கு முதல் பயணம், போக வர 76 கிலோமீட்டர். திரும்பும் வழியில் மதிய வெயிலில் வண்டி நின்றது. வண்டியின் பெட்ரோல் பம்பு சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டது. ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டு இருபது நிமிடம் நிழலில் இருந்தார்கள். அந்த அம்மா அதற்குள் புளிச்சோற்றைப் பிரித்துவிட்டார்.

2023இல் பம்பின் டயாஃப்ரம் இரண்டாம் முறை போனது. 2022 ஜூனில் பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதத்தை எட்டியது, 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பும் சில பெட்ரோல் பங்குகளில் தொடங்கியது. இந்த வண்டியின் ரப்பர் பாகங்கள் அதற்கு முந்திய காலத்தவை. நாங்கள் முதலில் வாங்கிய பெயரில்லாத மலிவு ஹோஸும் உப்பி மென்மையாகியிருந்தது. எத்தனால் தாங்கும் ஹோஸ் மாற்றிய பிறகு கசிவு இல்லை. வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் கார்ப்பரேட்டரைக் காலி செய்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

மறுபடி செய்தால்

முதல் நாள் மேட்டையும் சணலையும் கிழித்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரும் சின்னச் சுத்தியலும் எடுத்து அடித்தகட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டுவேன். முழங்கால் வலித்தால் வேறொருவரைப் படுக்கச் சொல்வேன். தகடு தேறாவிட்டால் என்ஜினைத் தொடவே மாட்டேன். என்ஜின் ஓடும் சத்தம் கேட்டபின் யாரும் வண்டியைக் கைவிடுவதில்லை. அந்தத் தீர்மானத்தை எடுக்க வேண்டிய நேரம் அதற்கு முன்புதான்.

வாரிசுச் சான்றுக்கு அன்றைக்கே மனு போடச் சொல்வேன். வீல் சிலிண்டரில் புள்ளி தெரிந்தால் கிட் வாங்கத் தடை போடுவேன். ஆவணிக்குள் எபாக்சி அடிக்க முடியாவிட்டால், பழைய பெயின்டைத் தொடாமல் தை மாதம் வரை விட்டுவைப்பேன். பழைய பெயின்ட் எவ்வளவு மோசமாக இருந்தாலும், புது பிரைமரை விட மழைக்கு நல்ல கூரை. கம்ப்ரஷன் பார்த்த பிறகே என்ஜினுக்குச் செலவு செய்தது, பி.யூ.வைத் தவிர்த்தது, ரிவிட்டை மறுத்தது இந்த மூன்றையும் அப்படியே வைத்துக்கொள்வேன்.

2025 ஆகஸ்டில் 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாயாகிவிட்டது. அடுத்த முறைக்கு அந்தத் தொகையை மாதாமாதம் தனியே போட்டு வருகிறார். புரட்டாசி கடைசி ஞாயிறு கொட்டகையில் அவரைப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் படுத்து, சைக்கிள் ஸ்போக் கம்பியால் வடிதுளைகளை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்தார். இடது பக்கம் மூன்றாவது துளையிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வடிந்தது. பீடிங்கை மறுபடி பார்க்க வேண்டும்.